கடன் வெயில்

மூன்றரை மணி பஸ்ஸில் மூட்டை வரும்.
ஆள் வராது.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாய்ந்தபடி
இருபது கொண்டை ஊசியும் இறங்கி வந்த மிளகு,
இன்னும் பச்சையாக, காம்போடு,
சாக்கு முழுக்க மலையின் ஈரம்.
லக்கேஜுக்குச் சில்லறை இல்லாத நாளில்
கண்டக்டருக்கு ஒரு கைப்பிடி வற்றல்.

நாகலூரில் பவுனுருவிக்கு எல்லாம் இருக்கிறது.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி,
வேலி நெடுக அவரை,
கேட்காமலே முளைத்த சுண்டை.
வெயில்தான் இல்லை.
பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு
பதினொன்றுக்குள் போய்விடுமாம்,
கடன் வாங்கினவன் தெருவைக் கடக்கிற மாதிரி.

குகையில், இரண்டாம் மாடியில்,
எனக்கு வெயில் மட்டும்தான் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் பழக்கம்.
அவள் வீட்டுக்காரருக்குக் காமாலை,
என் மகனுக்குக் கால்.
வராந்தாவில் ஒன்பது இரவு ஒரே பாய்.
பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்:
"உங்க மொட்டைமாடி சும்மாதானே கிடக்கு?"

அன்றிலிருந்து சும்மா கிடக்கவில்லை.

மிளகு கொதிநீரில் ஒரு முக்கு,
பிறகு பழைய வேட்டியில் பரத்தல்.
முதல் வெயிலில் பச்சை சோரும்,
மூன்றாம் வெயிலில் சுருங்கிக் கறுக்கும்.
சுண்டைக்காய் அப்படி அடங்காது.
நசுக்கி, பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் மோர்,
மறுபடி வெயில், மறுபடி மோர்,
மோர்ச்சட்டி காலியாகும் வரை.

காக்கைக்குப் பயம் காட்டத் தொங்கவிட்டது
மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கு சிடி.
காக்கை அதில் முகம் பார்க்கிறது.

வீட்டுக்காரர் அர்த்தநாரி படியேறி வந்தார்.
"வாடகையில மொட்டைமாடி சேராதும்மா."
அடுத்த வாரமும் வந்தார்.
"உப்பு கொஞ்சம் தூக்கல்."

போன மாசியில் பத்து கிலோ அவரை வந்தது.
உப்புநீரில் அரைவேக்காடு, ஐந்து வெயில்.
எனக்கென்று சொல்லி எடுத்தது ஒரே டம்ளர்.
ஒன்றேகால் கிலோ மலையேறிற்று.

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அவருதான் கேக்கச் சொன்னாரு..." என்றாள்.
"சேதாரம் இவ்வளவு ஆகுமா?"

வெள்ளிக்கொலுசுக்குப் பற்றவைத்துப் பிழைப்பவளிடம்
அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.
இருபத்திரண்டு வருஷமாக
பட்டறைக்காரன் என் கணக்கில் கழிக்கிற வார்த்தை.

அடுத்த மூட்டையை
கொலுசு நிறுக்கும் தராசிலேயே நிறுத்தேன்.
தடவைக்கு அரைக் கிலோ, தினமும், இருட்டும் முன்.
காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்:
திங்கள் பத்து.
செவ்வாய் ஆறு எழுநூறு.
புதன் நாலு சொச்சம்
(சொச்சத்தைக் காக்கை தின்றது).
வெள்ளி ஒன்று முந்நூறு.
தாளை மடித்து வற்றலோடு கட்டிப் போட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

எட்டரை கிலோவுக்கு மேல் தண்ணீர்
இந்த மாடியிலிருந்துதான் கிளம்பிற்று.
எந்தப் பக்கம் போனதென்று
நிறுக்க என்னிடம் தராசில்லை.
சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது
வடக்கே மலைமேல் ஒரு மேகம்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.
அன்று இரவு அவள் போன் செய்தாள்:
"இங்க ஒரே மூட்டம்,
எதிர்வீடு தெரியலை."
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஆடி.
அங்கே சுவரே வேர்க்கிறதாம்,
தீப்பெட்டி நமுத்துவிட்டதாம்.
"டப்பா மூடியை இறுக்கினாயா?
உப்பு முடிச்சு உள்ளே இருக்கா?"
இருக்கிறது என்கிறாள்.
"சரி, ஆட்டு, கேக்கறேன்."

போன் பக்கத்தில் பிடித்து ஆட்டுகிறாள்.
மிளகு கலகலக்கிறது.
சுண்டை சடசடக்கிறது.
"அவரை?"

மெத்தென்று ஒரு சத்தம்,
செருப்பில்லாமல் யாரோ நடப்பது போல.

"அதுக்கு இன்னும் ஒரு வெயில் பாக்கி.
நாளைக்கு ஏத்திவிடு."

பின்னால் ஓர் ஆண்குரல்,
இருமலுக்கு நடுவே:
"நிறுத்து அனுப்பட்டுமான்னு கேளு."