இரண்டு பத்து முதல் இரண்டு நாற்பது வரை

டிசம்பர் மூன்று: இரவு 2.10 முதல் 2.40 வரை.
டிசம்பர் நான்கு: 2.15க்குத் தொடக்கம். நடுவில் தண்ணீர் குடிக்க
ஓர் இடைவேளை, கிண்ணம் உருளும் சத்தம், மறுபடி மூன்று வரை.
டிசம்பர் ஐந்து: ஞாயிறு. இல்லை. அவள் வீட்டில் இருந்தாள்.

இப்படி எழுதி எழுதி
தேக்லாவின் கதவிடுக்கில் செருகியவன் நான்தான்.
மூன்றாம் மாடி, லுட்விக். பல்செட் செய்கிறவன்.
விடிகாலை ஐந்துக்கு மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்க
கை நடுங்காமல் இருக்க வேண்டும் எனக்கு.

அவள் ட்ராம் ஓட்டுகிறாள், இரவு வண்டி.
வூச் நகரத்துக் குடிகாரர்களையும் நர்சுகளையும்
பனிக்குள்ளிருந்து அள்ளி வீடு சேர்க்கிறவள்.
நாய்க்குப் பெயர் க்மினெக், எங்கள் ரொட்டியில் தூவும் சீரகம்.
ரொட்டிக்காரன் கைதவறிச் சிந்தியதுபோல்
மூக்கெல்லாம் புள்ளி.

பகலில் பார்த்தால் பரம சாது.
தெருவில் கொட்டிய உப்பு பாதத்தில் எரிய
ஒரு காலைத் தூக்கி, யோசித்து, இன்னொன்றைத் தூக்கி,
எதை ஊன்றுவதென்று தெரியாமல் நிற்பான்.
அவள் நடைபாதையிலேயே குந்தி
விரலிடுக்கெல்லாம் வாசலின் தடவுவாள்.
பின்னால் வழி கிடைக்காத ஜனம் முணுமுணுக்கும்.
நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

வானொலியைப் பேசவிட்டுப் போனாள். அதோடு சேர்ந்து அழுதான்.
சீருடைச் சட்டையைப் படுக்கையில் போட்டாள்.
பொத்தான்களை மட்டும் தின்றான்.
டாக்டர் கொடுத்த மாத்திரையை சாசேஜுக்குள் ஒளித்தாள்.
சாசேஜ் போயிற்று. மாத்திரை
துடைத்து வைத்தாற்போல் தரையில் கிடந்தது.

ஒன்பதாம் சீட்டுக்குப் பிறகு கதவைத் தட்டினாள்.
சண்டைதான் என்று பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தேன்.

"எப்படி அழுகிறான்?" என்றாள்.

"நான் கேட்டதே இல்லை. நான் இருந்தால் அழமாட்டான்.
ஒருநாள் போவதுபோல் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூக்கு
இந்தப் பக்கம் என் பூட்ஸ்.
இரண்டு மணி நேரம். மூச்சுதான் கேட்டது.
பழைய போனைப் பதிவுக்கு வைத்துவிட்டுப் போனேன்.
கடித்துவிட்டான்."

முதலில் கீல் முனகுகிறாற்போல் ஒன்று, என்றேன்.
அப்புறம் கேள்வி கேட்பதுபோல் மேலே ஏறும், என்றேன்.
அவள் முகத்தில் ஒன்றும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.
சரி என்று
தலையைப் பின்னால் சாய்த்து
வாயைக் குவித்து
ஊளையிட்டேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மூடியது.
நிறுத்தத்தான் நினைத்தேன், நாற்பத்தாறு வயது எனக்கு.
ஆனால் இத்தனை இரவு கேட்டவன்,
எங்கே மூச்சு வாங்குவான், எங்கே இழுப்பான்,
எந்த இடத்தில் தொண்டை உடையும்,
எல்லாம் மனப்பாடம்.

நான்காம் மாடியிலிருந்து
பதில் வந்தது.

தேக்லா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்,
தான் ஓட்டவேண்டிய ட்ராம்
தன்னை ஏற்றாமலே போவதை
நிறுத்தத்தில் நின்று பார்க்கிறவள்போல்.
"இவ்வளவு நீளமா," என்றாள்.
அப்புறம் மணிக்கூட்டைப் பார்த்து வேலைக்கு ஓடினாள்.

சங்க அலுவலகத்தில் போட்ட புகாரைத் திரும்பப் பெற
ஒரு படிவம் உண்டு. மூன்று பிரதி.
காரணம் என்ற இடத்தில் இரண்டே வரிக்குக் கோடு.
சுண்ணாம்புத் தாடைகளுக்கு நடுவே
மேசைமேல் அப்படியே கிடக்கிறது.

இன்றும் 2.10க்கு விழித்துவிட்டேன்.
மேலே கிண்ணம் உருள்கிறது.
பேனாவைத் தேடி எடுத்து
தேதி மட்டும் எழுதி
மூடிவைத்துவிட்டு
தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.