இருபத்தைந்து

என் வண்டிக்கு எண் இல்லை.
எண் எழுதும் இடத்தில்
கடைக்காரர் ஒட்டிய மயில் இருக்கிறது.

இருநூற்றைம்பது வாட்,
மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.
அதற்குள் அடங்கினால்
சட்டத்தின் கண்ணில் இது வண்டியே இல்லை.
உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம்.
எட்டுப் போடப் போய் மூன்று முறை
ஏழாகக் கவிழ்ந்தவளுக்கு
இதைவிட நல்ல சட்டம் யார் எழுதித் தருவார்?

கிருமாம்பாக்கத்தில் ராத்திரி வேலை.
ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டி
அணுக்களை எண்ணி முடித்து
மூன்றரைக்குக் கிளம்புவேன்.
முள்ளோடையில்
சாத்திய மதுக்கடை வாசலில் ஐந்து நாய்கள்.
அதில் ஒரு செவலை
முப்பதில் ஓடும்.
சட்டம் போட்டவர்கள் அதைக் கேட்கவில்லை.

அருளப்பன் சீட்டைத் தூக்கி
ஒயர்க் கொத்துக்குள் விரல் விட்டு
வெள்ளையாய் ஒன்றை எடுத்துக் காட்டினான்.
"இதப் புடுங்கினா நாப்பத்தஞ்சு போவும்.
புடுங்கின நிமிஷமே இது வண்டி.
நம்பர் இல்லாத வண்டி.
நீங்க லைசென்ஸ் இல்லாத ஆளு.
யாரையாவது தட்டிட்டா
என் பேரச் சொல்லாதீங்க."

ஒரு சாண்கூட இல்லை அந்த ஒயர்.
பிடுங்கச் சொன்னேன்.

ஒன்பது நாள் பறந்தேன்.
செவலை பாதி வழியில் நின்று
தன் கால்களைச் சந்தேகப்பட்டது.

பத்தாம் நாள் ஆல்பேட்டைச் சாவடியில் ஒரு கை நீண்டது.
பாட்டில் தேடிப் பலகையைத் தட்டினார்கள்.
சாப்பாட்டு டப்பாவை முகர்ந்தார்கள்.
"நம்பர் எங்க?"
"தேவையில்லாத வண்டி, சார்."
மடிப்பில் கிழிந்த தாளை நீட்டினேன்.
எஸ்.ஐ. தணிகாசலம் டார்ச் அடித்துப் படித்தார்.
"இருபத்தஞ்சுதானா? ஓட்டிக் காட்டு. கூட வர்றேன்."

பெண்ணையாற்றுப் பாலத்தில்
புல்லட்டில் அவர், மயிலோடு நான்.
இன்னும் எவ்வளவு முறுக்கலாம் என்று
என் மணிக்கட்டுக்குத் தெரியும்.
பொங்க வரும் பாலுக்கு
அடுப்பைத் தணித்துப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன்.
இருபத்துநாலு.
இருபத்துநாலு.
அவர் தன் முள்ளையே பார்த்து வந்தார்.
இவ்வளவு மெதுவாய்ப் போகத் தெரியாமல்
புல்லட்தான் திணறியது.
கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை,
யாரோ மணல்மேட்டில் பீடி பற்றவைத்தார்கள்.

பாலம் முடிந்ததும் "போம்மா" என்றார்.
"ஹெல்மெட் மாட்டு. சட்டம் கேக்கலன்னாலும்
தார் ரோடு கேக்கும்."

பிடுங்க முப்பது ரூபாய் வாங்கிய அருளப்பன்
மாட்ட ஐம்பது கேட்டான்.
கொடுத்தேன்.

இப்போது பையில் பொறை கொண்டுபோகிறேன்.
செவலை வருகிறது, வாலாட்டுகிறது,
நான்கையும் தின்கிறது.
தின்று முடித்துவிட்டுத் துரத்துகிறது.