ஐந்தொகையில் அரை டிகிரி

காரைக்குடியில் ஏப்ரல்.
மேசைமேல் சும்மா கிடக்கும் வெப்பமானி
முப்பத்தேழு காட்டுகிறது.
டேங்க் தண்ணீர் முப்பத்தாறு.
இதுல எதைக் கரைச்சு எதைக் குளிர வைக்கிறது
என்கிறாள் சிகப்பி,
ரெக்கார்டு நோட்டால் விசிறிக்கொண்டு.

காலையில் வீழ்படிவு.
உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு.
தெளிவும் தெளிவும் சந்தித்தால்
தயிராய்த் திரியுமென்று புத்தகம்.
எங்களுக்கோ
உப்பே போடாத குழாயிலும் தயிர்.
போர்த் தண்ணியில கழுவுனீகளா என்றார்
அட்டெண்டர் அடைக்கலம்.
இந்த ஊருத் தண்ணிக்கு
உப்பைத் தனியாப் போடணுமாக்கும்.

டிஸ்டில்டு வாட்டர் அரை கேன்தான்,
மூன்று பேட்சுக்கு.
கைமாற்றாய் வாங்கிய எண்ணெயைப் போலச்
சொட்டுச் சொட்டாய் ஊற்றிக் கழுவினோம்.
அவளுக்கு இரண்டு கையிலும் குழாய்.
கன்னத்தில் ஒட்டிய முடியை
நான் ஒதுக்கிவிட்டேன்.

இம்முறை
உப்பு இருந்த குழாயில் மட்டும் வெள்ளை.
முதலில் புகை மாதிரி. அப்புறம் திரிதல்.
அப்புறம் அவசரமே இல்லாமல்
அடியில் போய் உட்கார்தல்.
வெள்ளியும் குளோரைடும் சேர்ந்து இறங்கிவிட
சோடியமும் நைட்ரேட்டும்
மேலே தெளிவில் நின்றுகொண்டிருக்கின்றன,
வினைக்கு வந்தும் வினையில் சேராமல்.
கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு
சாப்பிடாமப் போற ஆளுங்க என்றாள் சிகப்பி.
சமன்பாட்டின் இருபுறமும் அவற்றை
நான் பேனாவால் அடித்தேன்.

பிற்பகல் கலோரிமானி.
மரப்பெட்டி, பஞ்சு, நடுவில் தாமிரக் குவளை.
நூறு மில்லி தண்ணீர், பத்து கிராம் நவச்சாரம்.
ஈயம் பூசுகிறவர் தேய்த்தால்
தெருமுனை வரை மூக்கைத் துளைக்கிற அதே நவச்சாரம்
இங்கே வாசனையே இல்லாமல் கரைகிறது.
கரைய வேண்டிய சூட்டைத்
தண்ணீரிடம் கேட்கிறது.
முப்பத்தைந்து.
முப்பத்து மூன்று.
முப்பத்தொன்று, இன்னும் இறங்குகிறது.

செக்காலை ரோடு அடகுக்கடையில்
கணக்கெழுதுகிறவர் மகளுக்கு
இது விளங்காமல் போகுமா?
ஒருவர் பற்று இன்னொருவர் வரவு.
உப்பு வாங்கினது அம்புட்டும்
தண்ணியும் செம்பும் கொடுத்தது.
ஐந்தொகை நேராகாமல்
அவள் அப்பா இலைமுன் உட்காரமாட்டாராம்.

நான் ரீடிங் எழுதத் திரும்பிய நேரத்தில்
குவளையைப் பெட்டியிலிருந்து உருவி
இடது கன்னத்தில் வைத்திருந்தாள்,
வெப்பமானியோடு, கண்களை மூடிக்கொண்டு.
ஸ்டாப்வாட்ச் ஓடியது.
அதையும் நிறுத்தவில்லை, அவளையும்.

புத்தகக் கணக்குக்கு முப்பது.
எங்களுக்கு முப்பதரை.

அரை டிகிரி என்றால்
ஏறக்குறைய இருநூற்று முப்பது ஜூல்.
யாரோ கொடுத்திருக்கிறார்கள்.
ஜன்னல் கொஞ்சம், மின்விசிறிக் காற்று கொஞ்சம்,
மீதியைப் பிரித்தெழுத
எனக்குத் தெரியவில்லை.
முப்பதுன்னு போட்டுரு,
எல்லாரும் அதான் போட்டிருக்காக என்றாள்.
அடகுக்கடைக்காரர் காதில் விழுந்திருந்தால்
என்ன சொல்லியிருப்பார்?
திருத்தவில்லை.
பிழைக்கான காரணங்கள் என்பதன் கீழே
'சுற்றுப்புறத்திலிருந்து வந்த வெப்பம்'
என்று எழுதினேன்.
சுற்றுப்புறம்னா எது என்றார் பிலோமினா மேடம்.
வெயில் மேடம் என்றேன்.
முப்பதரையைச் சிவப்பில் வட்டமிட்டு
கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சிகப்பியின் இடது கன்னத்தில்
ஒரு விரல்நுனி அளவுக்குக் கறுப்பு.
எலுமிச்சை தேய்த்தாளாம், கடலை மாவு தேய்த்தாளாம்,
போகவில்லையாம்.
போகாது. சில்வர் நைட்ரேட்
வெளிச்சம் பட்டபின்தான் தன்னைக் காட்டும்.
தோல் உரியும்வரை இருக்கும்.
திட்டிப் பொட்டு வச்ச மாதிரி அம்சமாத்தான் இருக்கு
என்று சிரித்தார் அடைக்கலம்.

எங்கையில ஒண்ணுமில்ல, பாரு,
உன் கையக் காட்டு என்றாள்.

ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு
டிஸ்டில்டு வாட்டர் எடுக்கப் போனேன்.
கேன் காலி.