பதினான்கு நிமிடம்

பத்துக் கேள்வி, ஒரு தாளில்.
"உங்கள் பணியில் எழுத்தின் இடம் யாது?"
என்று முதலாவது. வாசித்ததும்
ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்,
பாஸ்போட் படம் எடுக்கப் போவதுபோல.

எனக்கு நாற்பத்திமூன்று வயது.
ஆரையம்பதியில் அரிசி ஆலைக் கணக்கு,
சனி ஞாயிறு வெளிவாரிப் பட்டம்.
பாடம்: பணிசார் எழுத்து.
ஒப்படை: அனுபவமுள்ள மூவரைக் கண்டு கேட்டு
ஆயிரத்தைந்நூறு சொல்லில் அறிக்கை.
"நான்" வரக்கூடாது.

முதல் ஆள் புவிதரன், பயிர்க் காப்புறுதி,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.
வெல்லாவெளியில் மோட்டார் சைக்கிளை வரம்போடு நிறுத்திவிட்டு
எழுதியபடியே பதில் சொன்னார்.
"யானை திண்டது எண்டு போட ஏலா அக்கா.
நான் காணல்லயே.
யானையால் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது.
மறுகா கால்தடத்த எண்ணிப் போடுவன்."
வயல்காரர் பக்கத்தில் நின்றார்,
இரவெல்லாம் வெடி கொளுத்திய கை,
இன்னும் மருந்து மணத்தோடு.
"கருதப்படுதோ?" என்றார்.
சேற்றில் ஒரு தடத்துக்குள் இறங்கி நின்று
"இதுக்குள்ள என்ட ரெண்டு காலும் நிக்கி தம்பி.
இதையும் கருதிக்கொள்ளுங்க."
புவிதரன் சிரிக்கவில்லை.
அவரை மெல்ல விலக்கி, நாடா வைத்து அளந்து
குறித்துக்கொண்டார்: நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.

இரண்டாவது, காத்தான்குடியில் ஜவுளிக்கடை முகாமையாளர்.
"எழுதுறதா? எல்லாம் வொய்ஸ் மெசேஜ்தான்" என்று
தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்.
அவரையும் ஒரு பந்தியாக்கினேன்.
ஓரத்தில் விரிவுரையாளர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார்,
பாராட்டோ பகிடியோ.

மூன்றாவது பஸ்மிலா, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
பத்தொன்பது வருசத் தாதி.
சாப்பாட்டு நேரத்தில் அரைமணி ஒதுக்கியிருந்தார்,
சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.
"நோயாளி நித்திரை எண்டு எழுதப்படா.
கண்ண மூடிக் கிடந்தார் எண்டுதான் எழுதோணும்.
நித்திரையா இல்லயா
அவருக்குத்தானே தெரியும்."
நான்காவது கேள்வி: எப்போதாவது பிழையாக எழுதியதுண்டா?
"ஒருக்கா," என்று தொடங்கினார்.
கதவில் ஒரு பயிற்சித் தாதி தலை காட்டினாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
பஸ்மிலா எழும்பிப் போய்விட்டார்.

போன் மேசையில் பதிந்துகொண்டே இருந்தது.
நிறுத்தத் தோன்றவில்லை.
ஃபேன். தள்ளுவண்டியின் ஒற்றைச் சில்லு கீச்சிட்டது.
ஓடுகிற செருப்பு.
யாரோ "வாப்பா" என்றது,
கேள்விபோல, ஒரேயொரு தரம்.
மறுகா ஃபேன்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை.
முழங்கை வரைக்கும் கழுவித் துடைத்து
நின்றபடியே கொப்பியில் நேரத்தை எழுதினார்.
2.40.
பேனை கொஞ்சம் தயங்கியது.
பிறகு ஒரு வரி, ஒரே மூச்சில்.
என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.
"அது உங்கட பத்துக் கேள்வியில இல்லயே கா."
கதிரையை இழுத்து, "எங்க விட்டம்?" என்றார்.
நான் ஐந்தாவதுக்குப் போனேன்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
நான்காவதைத் தாளில் வெட்டினேன்.
இரவு, பதிவைக் கேட்டுத் தட்டச்சில் இறக்கும்போது
"வாப்பா"வை எங்கே போடுவது என்று தெரியவில்லை.
பேசியவர் பெயர் என்ற நிரலில்
போட ஒரு பெயர் இல்லை.
இடையில் பதிவு தடைப்பட்டது
என்று ஒரு வரி எழுதி முடித்தேன்.
ஒலிக்கோப்பையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள்.
இணைத்தேன். ஆர் கேட்கப் போகினம்.

அறுபத்தொரு புள்ளி.
எட்டாம் பக்கத்தில் சிவப்பில்:
"தடைப்படவில்லை. கேட்டேன். திருத்தி எழுதவும்."

ஆலை பூட்டியபின்
விசைப்பலகையில் தவிட்டுத் தூசியை ஊதிவிட்டு
உட்கார்ந்தேன்.
நேரம் முதலில்.
பிற்பகல் 2.26 முதல் 2.40 வரை
பதிவு ஓடியது.
நேர்காணப்பட்டவர் அறையில் இல்லை.
நேர்கண்டவர்
கதிரையில் இருந்தார்.
கண் திறந்திருந்தது.