சமமாக வந்த வரிகள்

பெகுவில் மூன்றாம் நாள் மழை.
அரிசி ஆலை மாடியில்
நான், மடிக்கணினி,
அதில் மிச்சமிருக்கும் நாற்பத்தொரு சதவீதம்.

நூற்றெண்பத்தாறு வரி. வரிக்கு ஒரு வீடு:
பெயர், தெரு, கதவு எண்,
உள்ளே நிற்கும் நீர் அங்குலத்தில்,
கடைசியில் பிள்ளைகள்.
பெயருக்குள் இடைவெளி விழுந்தால் புலம் நகர்ந்துவிடும் என்று
எல்லோர் பெயரையும் ஒட்டியே எழுதியிருந்தேன்.

கீழே இருப்பது ஒரே படகு.
கோ துய்ன் லின் டீசல் ஊற்றிக்கொண்டே கேட்கிறார்,
"யார் முதல்?"

நீர் அதிகமானவர் முதலில் என்றேன் எந்திரத்திடம்.
ஒன்பது அங்குலம் தலையில் வந்து நின்றது.
அறுபது அதன் பின்னால்.
ஒன்பதை எழுத்தாய்ப் பார்த்திருக்கிறது,
ஆறையும் எழுத்தாய்.
பூஜ்யம் வரைக்கும் போகவேயில்லை.
கணுக்கால் நனைந்தவர் முன்னே,
கழுத்து நனைந்தவர் பின்னே.

எண்ணாய்ப் பார் என்று சொல்ல
ஓர் எழுத்து போதும்.

sort -k4,4nr -k5,5nr veedu.txt

நான்கில் தொடங்கி நான்கிலேயே நில்.
அங்கே சமமென்றால் மட்டும்
ஐந்துக்குப் போ, பிள்ளைகளை எண்ணு.

அச்சடிக்க மின்சாரம் இல்லை.
கையால் எழுதிக் கீழே கொண்டுபோனேன்.
டார்ச் வெளிச்சத்தில் விரல் வைத்து இறங்கியவர்
ஓரிடத்தில் நின்றார்.
நாற்பத்தெட்டு அங்குலம், மூன்று பிள்ளைகள்,
ஏழு வீடு.
இருளாயி, கருத்தப்பன், வேம்பு.
அதற்கப்புறம்தான் டோ ஹ்லா யீயும் மற்ற மூவரும்.

"உங்க ஆளுங்க முன்னாடி" என்றார்.
கோபமாகச் சொல்லவில்லை.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நான் போடவில்லை என்று
மாடிப்படி ஏறும்போதே சொல்லிக்கொண்டு போனேன்.
சமமென்றால் எந்திரம் சும்மா விடுவதில்லை,
கேட்காமலே வரியை முதலிலிருந்து படிக்கிறது.
எழுத்துகளுக்கு எவரோ என்றோ இட்ட எண்ணில்
தமிழ் முன்னால், பர்மியம் பின்னால்.
இருபத்தேழு சதவீதம்.
அதைத் தடுக்கவும் ஓர் எழுத்து உண்டு: s.
சமமானவரைத் தொடாதே,
வந்த வரிசையில் விடு.

விட்டது.
அதே மூன்று பேர்தான் மேலே.

முந்தாநாள் நோட்டோடு கணக்கெடுக்கக் கிளம்பியபோது
எங்கள் தெருவில்தான் தொடங்கினேன்.
செருப்பு நனையாத தெரு
அன்றைக்கு அது ஒன்றுதான்.

திரும்பி இறங்கினேன், சொல்ல வாயெடுத்தேன்.
கோ துய்ன் லின் கை காட்டி நிறுத்தினார்.
காகிதத்தைப் பார்க்கவில்லை,
இருட்டுக்குள் காதை வைத்திருந்தார்.

"டோ ஹ்லா யீ வீட்டு நாய்
இவ்வளவு நேரம் குரைச்சிட்டே இருந்துச்சு."

கயிற்றை அவிழ்த்தார்.

அதற்கு நான் புலம் வைக்கவில்லை.