தொண்ணூற்றிரண்டு வீதம்

அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி, பயிற்சி அறை.
தரையில் ஒட்டிய வெள்ளை டேப்பின் முன்னால் நிற்கிறேன்.
திருக்கோவில் பஸ்ஸிலும் நின்றுதான் வந்தேன்.
இடம் தந்தார்கள், இருக்கவில்லை.
நிற்க முடிவதும் ஒரு சோதனைதான்,
அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

றிஸ்மினா மிஸ் முதலில் தொடையை அளந்தா.
சில்லுக்கு மேலே பத்து சென்ரிமீற்றர்,
பேனையால் ஒரு புள்ளி,
சட்டைக்கு அளவெடுப்பதுபோல் நாடாவைச் சுற்றி.
ஒன்றரை சென்ரிமீற்றர் வித்தியாசம்.
முதலில் அது நாலாக இருந்தது.
மிச்சத்தை
கதவு நிலையில் கட்டிய சைக்கிள் ரியூப்பை
இழுத்திழுத்து மீட்டிருக்கிறேன்,
ஒன்பது மாதமாய்.

"நல்ல காலால முதல்ல பாயுங்க."
நூற்று நாற்பத்திரண்டு.
"இப்ப மற்றது."

மற்றது.
வீட்டிலும் அதற்கு அதுதான் பெயர்.
தொடையின் பின்னாலிருந்து நாண் ஒன்றை உருவி
முழங்காலுக்குள் கயிறாய்க் கட்டியிருக்கிறார்கள்.
என்னிடமே வாங்கி எனக்கே தந்த கடன்.
வட்டியும் நான்தான் கட்டுகிறேன்.

பாய்ந்தேன்.
நூற்று முப்பத்தொன்று.
போனில் கணக்குப் பார்த்து
"தொண்ணூற்றிரண்டு வீதம்" என்றா. "தொண்ணூறு காணும்."
அந்தக் கணமே மனதுக்குள்
யதுகுலாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்:
சனிக்கிழமை முதல் பாட்டு என்னுடையது,
நீ பின்னால் நில்.

மிஸ் பைலைப் பின்பக்கம் புரட்டினா.
ஒப்பரேசனுக்கு முந்திய கிழமை
நல்ல கால் பாய்ந்த தூரம்: நூற்று ஐம்பத்தாறு.
"நல்ல காலும் இறங்கிட்டு கா.
இறங்கின காலோட ஒப்பிட்டா
மற்றது உசரமாத்தான் தெரியும்.
பழைய கணக்கில எண்பத்தினாலு."

பிறகு ஒரு தாள், பன்னிரண்டு கேள்வி.
பூச்சியத்திலிருந்து நூறு வரை கோடு,
விரும்பிய இடத்தில் புள்ளடி போடலாம்.
மறுபடி விலகும் என்று பயமா?
தொண்ணூறில் போட்டேன், பயமே இல்லை.
யாரும் மோதினால்?
தொண்ணூற்றைந்து.
விளையாடும்போது முழங்காலை நினைப்பீர்களா?

அன்றைக்கு என்னை யாரும் தொடவில்லை.
தம்பிலுவில் மைதானம், மழை விட்ட மண்.
போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பினேன்,
உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை.
உள்ளே
பச்சைப் பயற்றங்காய் முறிந்த சத்தம்.
இப்போதும் கறிக்கு
அதைக் கத்தியால்தான் வெட்டுகிறேன்,
கையால் முறிப்பதில்லை.

அந்தக் கோட்டில் மட்டும்
புள்ளடி போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
மிஸ் வாங்கிப் பார்த்தா.
"சனிக்கிழமை வேணாம். இன்னும் ஆறு கிழமை."

கோபப்பட ஆயத்தமாய்த்தான் வந்திருந்தேன்.
வசனங்கள்கூடப் பாடம்.
வசீகரன் சேர் என்னை நம்பிப் பெயர் கொடுத்துவிட்டார்,
ஜேர்சிக்குக் காசு கட்டியாயிற்று,
தொண்ணூற்றிரண்டு என்றீர்களே.
அவற்றில் ஒன்று வாய்க்கு வருமுன்னே
மூச்சு வெளியே போய்விட்டது,
நீளமாய், அடிவயிற்றிலிருந்து,
பாரம் இறக்கிய ஆளின் மூச்சு.

கபடியில்
எத்தனை பேரைத் தொட்டாலும்
தன் பக்கம் வந்து சேருமுன்
மூச்சை விட்டவள் அவுட்.

நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த மிஸ்
நிமிர்ந்து பார்த்தா.
ஒன்றும் கேட்கவில்லை.
பைலில் ஒரு வரி எழுதினா.
தலைகீழாய் வாசிக்கப் பார்த்தேன்,
எழுத்து விளங்கவில்லை,
எதை எழுதினா என்பது விளங்கியது.

திரும்பும் பஸ்ஸிலும் இடம் தந்தார்கள்.
இருந்தேன்.
ஜன்னலால் மைதானம் போனது.
யாரோ குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்,
சனிக்கிழமைக்கு.
யதுகுலாவின் அழைப்பு.
"என்னடி சொன்னாங்க?"

"நல்ல காலையும் பழக்கவேணுமாம்" என்றேன்.