கழித்தல் படம்

முதல் படத்தில் மருந்து இல்லை.
இடுப்பெலும்பு, குடலில் கொஞ்சம் காற்று,
கழற்ற மறந்த தொப்புள் வளையம்,
எல்லாம் அப்படியே விழும்.
இரண்டாவதில் அயோடின் ஓடும்.
இதிலிருந்து அதைக் கழித்தால்
எலும்பு போய்விடும், வளையம் போய்விடும்,
ஓடியது மட்டும் கறுப்பாய் நிற்கும்.
ஒரே நிபந்தனை:
இரண்டுக்கும் நடுவே ஆள் அசையக் கூடாது.

அன்ட்யே ருப்பல், முப்பத்தொரு வயது.
ஃபிராங்க்ஃபர்ட்டில் பதினொன்றாம் எண் டிராம் ஓட்டுகிறாள்.
இடது கால் மட்டும் வீங்குகிறது;
சாயங்காலத்தில் அந்தச் சப்பாத்து நுழைவதில்லை.
ஜெல்லி தடவி அல்ட்ராசவுண்டில் பார்த்தாயிற்று.
முழங்கால் வரை, தொடை வரை தெரிந்தது,
இடுப்புக்குள் போனதும் குடல்காற்று மறைத்துக்கொண்டது.
அதனால்தான் இன்று இந்த மேசை.

தொடையிடுக்கில் சிரைத்தாயிற்று என்று
கோப்பில் குறிக்கும்போது எனக்குள் ஒரு சிரிப்பு.
சிரைப்பதிலும் சிரை, ரத்தம் திரும்புவதும் சிரை.
வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை,
நரம்பு புடைக்குது என்போம்.
யாழில் கட்டியதும் நரம்பு,
கையில் பச்சையாய்த் தெரிவதும் நரம்பு.
இங்கே வந்து ஆறு வருடமாய் 'வேனெ' என்கிறேன்.

நூறு ஆண்டுக்கு முன் இதே ஊரில்
இரண்டு மருத்துவர்கள், உயிரோடு இருந்த மனிதர்களுக்கு
ஸ்ட்ரோன்சியம் புரோமைடு ஏற்றிப் படம் பிடித்தார்கள்.
யாருக்கு என்று தேடினேன், பெயர் கிடைக்கவில்லை.
சுட்டதா? கையை இழுத்துக்கொண்டாரா?
அதற்கும் முன்னால் வெட்டியெடுத்த கைகளில் பார்த்தார்கள்.
செத்த கை அசையாது,
அது ஒன்றுதான் அதன் வசதி.
பிறகு வந்தவர்கள் கணுக்காலில் பட்டை இறுக்கி
புறங்காலில் ஊசி குத்தி
மேசையையே சாய்த்து நிறுத்தினார்கள்.
எங்கள் கீழ்த்தளத்தில் அப்படி ஒன்று கிடக்கிறது.
அதன்மேல் அச்சுத்தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறோம்.

மூச்சை இழுங்கள்.
பிடியுங்கள்.
அசையாதீர்கள்.

மருந்து போனது.
"அய்யோ, மூத்திரம் போய்விட்டேன்" என்றாள்.
போகவில்லை. அயோடினின் சூடு அது.
முன்பே சொல்லித்தான் வைத்தேன்;
சொல்லும்போது வெறும் சொல், வரும்போது சூடு.
வெட்கத்தில் தலையைத் தூக்கினாள்,
இடுப்பு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது.
கணக்குப் பொய்த்தது.
கழித்த எலும்பெல்லாம் வெள்ளை விளிம்போடு
திரும்பி வந்து உட்கார்ந்தது,
தொப்புள் வளையமும், இரட்டையாய்.

ஈய அங்கிக்குள் வியர்வை.
மறுபடியும்.

இந்த முறை தெரிந்தது:
வலது தமனி குறுக்கே கிடந்து அழுத்த
முதுகெலும்போடு ஒட்டிக் கிடக்கிறது இடது சிரை.
ரத்தம் அந்த வழியே போகவில்லை,
சந்து சந்தாய் நுழைந்து
வலப்பக்கம் தேடிப் போகிறது.
டாக்டர் ஷெஃப்லர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.
விளக்க வாய் திறக்குமுன்
"மாற்றுப்பாதை" என்றாள்.
"எந்த இடத்தில் தண்டவாளம் அடைபட்டிருக்கு?"

பலூன் விரிந்தபோது முதுகு வலிக்குது என்றாள்.
பிறகு வலைக்குழாய்.
பிறகு இன்னொரு படம்:
சந்துகளே இல்லை, ஒரே கோடு,
அகலமாய், சோம்பலாய், மேலே போகிறது.

"அந்தச் சின்னதெல்லாம் எங்கே?"
எங்கும் போகவில்லை, அங்கேதான் இருக்கு,
வேலையில்லை, அதனால் படத்தில் இல்லை.
கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தாள்.
"டிராம் நின்றால் மாற்றுப் பேருந்து விடுவார்கள்.
அந்த டிரைவருக்கு ஒருத்தரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள்."

மாலையில் கதிர் அளவைப் பதிந்து கோப்பை மூடும்போது
கெட்டுப்போன அந்தப் படம் எட்டாவதாய் நின்றது.
அழிக்க எங்களுக்கு அனுமதியில்லை.
மற்றப் படங்களில் யாருடைய சிரையும் இருக்கலாம்.
இதில் அவள் வெட்கப்பட்டது தெரிகிறது.